புதிய வடிவமைப்புக்காக நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் கேள்விகள்: அவை எப்படி இருக்க வேண்டும்?

கோவைப் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் சிறிய பட்டறை ஒன்றில் வடிவமைப்புப் பணியில் இருக்கிறேன். தனியாக வாழும் முதியவர்கள் சிரமமின்றிப் பயன்படுத்தக்கூடிய டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் விருப்பம். நானும் உடன் பணிபுரிபவர்களும் இதற்காகக் கூடி உட்கார்ந்தால், பேச்சு நிறம், கைப்பிடி, மூடி, டைமர் ஆகியவற்றையே சுற்றி வருகிறது. சந்தையில் ஏற்கெனவே இருப்பதைச் சற்றே மாற்றி வரைகிறோமே தவிர, புதிதாக எதுவும் பிறக்கவில்லை.

புதிய யோசனை வேண்டுமானால் நம்மை நாமே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். அதையும் செய்து பார்த்தேன். ‘இதை எப்படிச் சிறப்பாகச் செய்வது’, ‘மற்றவர்களிடம் இல்லாத எது நம் கிரைண்டரில் இருக்க வேண்டும்’ என்றெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினால், சிறிது நேரத்தில் கேள்வி பொருளை விட்டுவிட்டு என் மீதே திரும்பிவிடுகிறது. ‘எனக்கு ஏன் எதுவும் தோன்ற மாட்டேன் என்கிறது’, ‘இந்த வேலைக்கு நான் ஏற்றவன்தானா’ என்ற இடத்தில் போய் நிற்கிறேன். அதன் பிறகு அன்றைய வேலை ஓடுவதில்லை.

எப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டுக்கொண்டால் சிந்தனை நகரும் என்பதே என் ஐயம். எல்லாத் துறைக்கும் பொருந்தும் கேள்விப் பட்டியல் ஏதேனும் உண்டா, அல்லது கேள்வியை அமைத்துக்கொள்வதற்கே ஒரு முறை இருக்கிறதா? அவரவர் துறையில் நடைமுறையில் கண்டதைச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். மோட்டார், பம்பு வடிவமைப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நோட்டில் நீங்கள் எழுதி வைத்த இரண்டு கேள்விகளையும் மறுபடி படித்துப் பாருங்கள். அவற்றுக்கு விடை தேட வேண்டுமானால் எங்கே போய்ப் பார்ப்பது? ‘சிறப்பு’ என்பது கிரைண்டரின் எந்தப் பாகத்திலும் உட்கார்ந்திருக்கவில்லை. பார்ப்பதற்கு ஓர் இடம் தராத கேள்வி, வேறு போக்கிடம் இல்லாமல் கேட்டவரிடமே திரும்பி வரும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான். உங்கள் திறமையைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. ஒரு கேள்வி நல்லதா என்று அறிய நான் வைத்திருக்கும் சோதனை எளியது. அதைக் கேட்டு முடித்ததும், நாளைக் காலையில் எதைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்பது தெரிந்துவிட வேண்டும். தெரியவில்லை என்றால் கேள்வியை இன்னும் சிறிதாக்க வேண்டும்.

உங்கள் கிரைண்டருக்கே இதைப் பொருத்திக் காட்டுகிறேன். எழுபது வயதைக் கடந்த ஒருவர் மாவு ஆட்டுவதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பக்கத்தில் நின்று பாருங்கள். ஊறிய உளுந்தை அள்ளிப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டியதை அவ்வப்போது தள்ளிவிடுகிறார். உளுந்து அரைபட ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இயந்திரம் தானாக ஓடுகிறது, அவர் வேறு வேலை பார்க்கிறார். மோட்டார் நின்ற பிறகுதான் அவருடைய உண்மையான உழைப்பு தொடங்குகிறது. மூடியை எடுக்க வேண்டும். மாவு வழியும் குழவிகளை மேல்நோக்கி இழுத்து வெளியே எடுக்க வேண்டும். அவற்றில் ஒட்டியிருப்பதை வழிக்க வேண்டும். மாவோடு சேர்ந்து கனக்கும் டிரம்மைத் தூக்கிச் சாய்த்துப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். பிறகு கல்லையும் டிரம்மையும் தொட்டியடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, துடைத்து, மறுபடி பொருத்த வேண்டும். நீங்கள் கூடிப் பேசும் டைமரும் மூடியும் நிறமும் பெரும்பாலும் அவர் தேவைப்படாத அந்த அரை மணி நேரத்தைச் சேர்ந்தவை. ஆகவே, ‘மோட்டார் நின்ற பிறகு அவர் எவற்றையெல்லாம் தூக்குகிறார், ஒவ்வொன்றும் எவ்வளவு எடை’ என்பது முதல் கேள்வி. ‘இவற்றுள் எதைத் தூக்காமலே வேலையை முடிக்க முடியும்’ என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை சமையலறையிலும் தராசிலும் இருக்கிறது.

உங்கள் தொழிலின் தொடக்கத்திலேயே இப்படியொரு கேள்வி இருப்பதையும் கவனியுங்கள். ஆட்டுக்கல்லில் கீழே உள்ள கல் அசையாது. ஒரு கை குழவியைச் சுற்றும், மறு கை மாவைத் தள்ளிவிடும். அந்த வேலையை மோட்டாரிடம் ஒப்படைக்க நினைக்கும் எவரும் முதலில் ‘குழவியைச் சுற்றும் கையை இயந்திரத்தில் எப்படி அமைப்பது’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியோடு நின்றிருந்தால் சிக்கலான ஓர் இயந்திரக் கை கிடைத்திருக்கும். 1950களில் கோவையில் உருவான கிரைண்டரில் நடந்தது வேறு. கீழ்க்கல் சுழல்கிறது, குழவி தன் இடத்திலேயே நிறுத்திப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அரைபடுவதற்குத் தேவை இரு பரப்புகளுக்கு இடையே உள்ள உராய்வுதான்; எந்தப் பரப்பு அசைகிறது என்பது அரிசிக்குப் பொருட்டில்லை. ‘அசைய வேண்டியது குழவிதானா’ என்ற கேள்வி அந்த வடிவத்துக்குள் இருக்கிறது. டில்டிங் கிரைண்டரும் இதே வழியில் வந்ததுதான். மாவை ஊற்ற டிரம்மைக் கையால் தூக்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால் சாய்க்கும் வடிவம் கண்ணில் படும். வேலை இப்படித்தான் நடக்க வேண்டும் என்று நாம் பேசாமலே ஏற்றுக்கொண்டிருப்பதை ஒரு வாக்கியமாக எழுதி, அதன் கடைசியில் ‘தானா’ சேர்த்துப் பாருங்கள். பாதிக்கு மேல் வீணாகும், ஒன்றிரண்டு நிற்கும்.

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். விளம்பரத் துறையில் இருந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1953இல் வெளியிட்ட நூலில் அப்படிப்பட்ட பட்டியல் உண்டு: வேறு பயனுக்கு ஆகுமா, பெரிதாக்கலாமா, சிறிதாக்கலாமா, மாற்றி வைக்கலாமா, தலைகீழாக்கலாமா, இரண்டைச் சேர்க்கலாமா என்று அது போகும். பின்னர் பாப் எபெர்லே அதைச் சுருக்கி ‘ஸ்கேம்பர்’ என்ற பெயரில் ஒழுங்குபடுத்தினார். இவை பயனற்றவை அல்ல. ஆனால் சமையலறையைப் பார்க்கும் முன் பட்டியலைக் கையில் எடுத்தால், அது மீண்டும் நிறத்துக்கும் கைப்பிடிக்குமே உங்களை அழைத்துச் செல்லும் என்பது என் உறுதியான கருத்து.

மதுரை கணித ஆசிரியை எழுதியது:

வணக்கம். பொறியாளர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு, கணித வகுப்பில் நாள்தோறும் பயன்படும் ஒரு கேள்வியைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா, கணக்குகளைத் தீர்க்கும் முறையைப் பற்றி 1945இல் ஒரு சிறிய நூல் வெளியிட்டார். அதில் பெரும்பகுதி, மாணவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளே. கண்டுபிடிக்க வேண்டியது எது? தரப்பட்டவை எவை? தரப்பட்ட எல்லாவற்றையும் பயன்படுத்திவிட்டாயா? இதோடு உறவுள்ள, முன்பே தீர்த்த கணக்கு ஏதேனும் தெரியுமா? அவரே எடுத்துக்காட்டும் கணக்கு ஒரு செவ்வகப் பெட்டியின் மூலைவிட்டம். நீளம், அகலம், உயரம் தெரியும். ஒரு மூலையிலிருந்து அதற்கு நேர் எதிரே உள்ள மூலைக்கு எவ்வளவு தொலைவு? இதை வகுப்பில் கொடுத்தால் பல மாணவர்கள் மூன்று எண்களையும் பெருக்கத் தொடங்குவார்கள். ‘இதற்கு முன் எந்த வடிவத்தின் மூலைவிட்டத்தைக் கண்டிருக்கிறாய்’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் மாணவிக்குச் செவ்வகம் நினைவுக்கு வரும். பெட்டியின் அடித்தளம் ஒரு செவ்வகம். நீளம் 4, அகலம் 3 என்றால் அதன் மூலைவிட்டம் 5. அந்த 5ஐயும் உயரம் 12ஐயும் பக்கங்களாகக் கொண்டு இன்னொரு செங்கோண முக்கோணம் நிற்கிறது. அதன் கர்ணம் 13. பித்தாகரஸ் தேற்றம் அவளுக்கு முன்பே தெரியும். அதை எடுத்து வரும் கேள்விதான் இல்லாமல் இருந்தது.

தெரிந்ததும்கூடக் கேட்டால்தான் வரும் என்பதை மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரு உளவியலாளர்கள் 1980இல் சோதனையாகவே செய்து காட்டினார்கள். ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டுங்கர் அமைத்த ஒரு புதிரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரின் வயிற்றில் கட்டி இருக்கிறது, அறுவை சிகிச்சை செய்ய இயலாது. கட்டியை அழிக்கும் அளவுக்கு வலிமையான கதிரைச் செலுத்தினால் வழியில் உள்ள நல்ல திசுவும் அழியும். வலிமையைக் குறைத்தால் கட்டி அழியாது. என்ன செய்வது? இந்தப் புதிருக்கு முன்பாக, கோட்டையைத் தாக்கும் தளபதி ஒருவரின் கதையையும் படிக்கக் கொடுத்தார்கள். கோட்டைக்குப் போகும் சாலைகளில் கண்ணிவெடிகள் இருப்பதால் பெரும்படை ஒரே சாலையில் போக முடியாது. தளபதி படையைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பல சாலைகளில் அனுப்பி, கோட்டையடியில் ஒன்றுசேர்க்கிறார். விடை கதையிலேயே இருக்கிறது: வலிமை குறைந்த கதிர்களைப் பல திசைகளிலிருந்து அனுப்பி, கட்டி இருக்கும் இடத்தில் சந்திக்கச் செய்ய வேண்டும். ஆயினும் கதையைப் படித்தவர்களில் சிலர்தான் தாமாக அந்தத் தொடர்பைக் கண்டார்கள். ‘படித்த கதை உதவக்கூடும்’ என்ற ஒரே குறிப்பைக் கொடுத்ததும் பெரும்பாலோர் தீர்த்துவிட்டார்கள். அந்தக் குறிப்பைப் பிறர் தருவதற்குக் காத்திராமல் நாமே நமக்குத் தந்துகொள்வதுதான் ‘இதே அமைப்புள்ள வேறு எதை நான் பார்த்திருக்கிறேன்’ என்ற கேள்வி.

உங்கள் கிரைண்டருக்கு இதை எப்படிக் கேட்பது? ‘வேறு கிரைண்டர்கள் எப்படி இருக்கின்றன’ என்று கேட்டால் பழைய வட்டத்துக்குள்ளேயே நிற்பீர்கள். ‘கெட்டியான, ஒட்டிக்கொள்ளும் பொருளை ஒரு பாத்திரத்திலிருந்து முழுவதுமாக வெளியேற்றும் வேலை வேறு எங்கெல்லாம் நடக்கிறது’ என்று கேளுங்கள். பேக்கரியின் மாவு பிசையும் இயந்திரமும் கட்டடம் கட்டுமிடத்தில் சிமெண்ட் கலவை இயந்திரமும் ஐஸ்கிரீம் கடையும் அப்போது உங்கள் பாடப்புத்தகங்களாகிவிடும்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மிஷெலின் சீயும் அவருடைய குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவர்கள் மனித இரத்த ஓட்டத்தைப் பற்றிய பாடத்தைப் படித்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் பொருளையும் தமக்குத் தாமே விளக்கிக்கொள்ளுமாறு தூண்டப்பட்டவர்கள், அதே பாடத்தை இருமுறை படித்தவர்களைவிட ஆழமாகப் புரிந்துகொண்டார்கள். உங்கள் கிரைண்டரின் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, அது ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று வாய்விட்டு விளக்கிப் பாருங்கள். எந்தப் பாகத்துக்கு விளக்கம் சொல்ல முடியாமல் போகிறதோ அங்கே நின்று பார்ப்பது நல்லது.

ஓசூர் பராமரிப்பு எழுதியது:

இருவருடைய பதில்களும் பயனுள்ளவை. ‘ஏன்’ என்ற கேள்வியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தொழிற்சாலைகளில் மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவதும் மிகுதியாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் அதுதான்.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ, ஐந்து முறை ‘ஏன்’ கேட்பதைத் தம் தொழிலாளர்களுக்குப் பழக்கினார். அவர் சொல்லும் எடுத்துக்காட்டில் ஓர் இயந்திரம் நின்றுவிடுகிறது. ஏன் நின்றது? சுமை கூடியதால் ஃபியூஸ் போய்விட்டது. சுமை ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய்ப் பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போயிருக்கிறது. முதல் ‘ஏன்’ உடன் நின்றவர் புது ஃபியூஸ் போட்டுவிட்டுப் போவார். கடைசி வரை போனவர் வடிகட்டியைப் பொருத்துவார். மிக நல்ல முறை, ஆனால் இங்கே ஒவ்வொரு விடையும் இயந்திரத்தைத் திறந்து பார்த்துக் கண்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். கூட்ட அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஐந்து ‘ஏன்’ கேட்டால், ஐந்து ஊகங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படும். அந்த அடுக்கு பெரும்பாலும் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற இடத்தில் போய் முடியும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஒன்றில் கடையப்படும் தண்டுகளில் சில அளவு தவறி வந்துகொண்டிருந்தன. ‘ஏன்’ என்று கேட்டபோது ஆபரேட்டர் அளவை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்ற விடையே திரும்பத் திரும்ப வந்தது. 1960களில் சார்லஸ் கெப்னர், பெஞ்சமின் டிரிகோ என்ற இரு அமெரிக்கர்கள் எழுதிய முறையில் கேள்வி வேறு விதமாக அமையும்: கோளாறு எங்கே இருக்கிறது, இருந்திருக்கக்கூடிய எந்த இடத்தில் இல்லை? எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை? அப்படிக் கேட்டுக் குறித்தபோது, தவறிய தண்டுகள் எல்லாம் காலை ஷிப்டின் முதல் மணி நேரத்தைச் சேர்ந்தவை என்பதும், வாரவிடுமுறைக்கு அடுத்த நாள் அவை கூடுதல் என்பதும், அதே ஆபரேட்டர் பிற்பகலில் கடைந்தவற்றில் ஒன்றுகூடத் தவறவில்லை என்பதும் தெரிந்தன. ஆபரேட்டர் மாறவில்லை, இயந்திரத்தின் வெப்பநிலைதான் மாறியிருக்கிறது. ஓடி ஓடிச் சூடேறும்போது ஸ்பிண்டில் என்ற சுழல்தண்டும் பால் ஸ்க்ரூ என்ற நகர்த்தும் திருகுதண்டும் மைக்ரான் கணக்கில் நீளும். குளிர்ந்து கிடந்த இயந்திரத்தில் எடுத்தவுடன் கடைந்தால் அளவு நகர்ந்துகொண்டே போகும். உற்பத்திக்கு முன் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றுவது என்று முடிவாயிற்று.

கிரைண்டருக்கும் ‘எங்கே இல்லை’ என்ற கேள்வி பொருந்தும். முதியவர்களில் சிலர் இன்றைக்கும் கிரைண்டரைத் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள், வேறு சிலர் அதை மூட்டைகட்டி வைத்துவிட்டு மாவைக் கடையில் வாங்குகிறார்கள். இருவரும் ஒரே வயது, ஒரே மாடல். அப்படியென்றால் வேறுபாடு எங்கே? மேடையின் உயரமா, தொட்டிக்கும் கிரைண்டருக்கும் உள்ள தூரமா, மாவின் அளவா? பயன்படுத்தாதவர்களை மட்டுமே கேட்டால் ‘முடியவில்லை’ என்ற விடைதான் வரும். இரு தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வடிவமைப்பால் தீர்க்கக்கூடியது எது என்று விளங்கும்.

இயற்பியல் முதுகலை மாணவி எழுதியது:

இந்த உரையாடலைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கேள்வியின் வடிவம் பற்றிப் பேசும்போது, பள்ளியில் நாம் அனைவரும் படித்த நன்னூலின் ஆறு வகை வினாக்கள் நினைவுக்கு வருகின்றன. விடை தெரிந்திருந்தும் மாணவனைச் சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவினா; தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா; இதுவா அதுவா என்று இரண்டுக்கு நடுவே நின்று கேட்பது ஐய வினா. தமக்குத் தாமே கேட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் அறியா வினாவோடு தொடங்குகிறார்கள். ஆனால் அதை ஐய வினாவாக மாற்றும்போதுதான் சோதனை பிறக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சர் சி. வி. இராமன் 1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பியபோது நடந்தது இதற்குப் பொருத்தமானது. மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைப் பார்க்கும் எவருக்கும் ‘கடல் ஏன் நீலமாக இருக்கிறது’ என்று தோன்றும். அது அறியா வினா. அதற்கு அப்போதே ஒரு விடையும் இருந்தது. வானத்தின் நீலமே கடலில் எதிரொளிக்கிறது என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார்; அவர் சொல்லுக்கு அறிவியல் உலகில் பெரும் மதிப்பு. இராமன் அந்த விடையை ஒரு பக்கத்தில் வைத்து, கேள்வியை இரு கிளையாக்கினார். இந்த நீலம் கடலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வானமா, அல்லது நீருக்குள்ளிருந்தே வருகிறதா? கேள்வி இப்படி அமைந்ததும், சோதிக்கும் வழி அதற்குள்ளேயே தெரிகிறது. எதிரொளிப்பை மட்டும் நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால், நிக்கோல் பட்டகம் என்ற சிறிய கருவியைத் திருப்பி வைத்து அதைத் தடுத்துவிடலாம். அந்தக் கருவி அவரிடம் இருந்தது. தடுத்துப் பார்த்தபோது நீலம் மறையவில்லை, மேலும் செறிவாகத் தெரிந்தது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோதே ‘நேச்சர்’ இதழுக்கான குறிப்பு ஆயத்தமாகிவிட்டது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதோடு, நீர் செந்நிற ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்துக்குப் பெரிய காரணம் என்று இன்று அறிவோம். ஆனால் வானத்தின் பிம்பம் மட்டுமே என்ற விளக்கம் அந்தச் சோதனையில் விழுந்துவிட்டது.

கேள்வி அங்கே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் அவருடைய குழுவினர் பல திரவங்களில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தார்கள். 1923இல் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய ஒரு கூறு இருப்பதைக் கண்டார். திரவத்தில் உள்ள மாசினால் வரும் ஒளிர்வாக இருக்கலாம் என்பது முதல் ஐயம். இதுவும் சோதிக்கக்கூடிய ஐயம்தான்: மாசுதான் காரணம் என்றால், திரவத்தைத் தூய்மைப்படுத்தத் தூய்மைப்படுத்த அது குறைய வேண்டும். மீண்டும் மீண்டும் வடித்தெடுத்த பிறகும் அது போகவில்லை. கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து இராமன் அதைத் தொடர்ந்தார்; எக்ஸ் கதிர்கள் சிதறும்போது அவற்றின் அலைநீளம் மாறுவதாகக் காம்ப்டன் கண்ட விளைவுக்கு ஒப்பான ஒன்று காணும் ஒளியிலும் இருக்கிறதா என்ற புதிய கேள்வியும் சேர்ந்தது. 1928 பிப்ரவரி 28இல் விடை உறுதியாயிற்று; அதுவே இராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு வந்தது. ஒரு கேள்வியோடு இத்தனை ஆண்டுகள் நிற்க முடிந்ததற்கு, ஒவ்வொரு கட்டத்திலும் அது கையால் செய்து பார்க்கக்கூடிய சிறு ஐயங்களாக உடைந்துகொண்டே வந்தது முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன்.

கோவைப் பட்டறை எழுதியது:

இத்தனை அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பொறியாளர் ஐயா சொன்னபடி, உறவினர் ஒருவர் வீட்டில் மாவு ஆட்டும்போது உடன் இருந்து பார்த்தேன். எல்லாவற்றையும்விடக் கடினமாக அவருக்கு இருந்தது டிரம்மைத் தூக்குவது அல்ல; மாவுக்குள் புதைந்திருக்கும் குழவிகளை மேல்நோக்கி இழுப்பதுதான். ஒரு கையால் டிரம்மை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுக்க வேண்டியிருக்கிறது. மணிக்கட்டில் வலியுள்ளவருக்கு அந்த ஓர் இழுப்பே போதும், அடுத்த வாரம் மாவை வெளியே வாங்கிவிடுகிறார். எங்கள் கூட்டங்களில் இதைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. இப்போது நோட்டில் ‘குழவியை மேல்நோக்கித்தான் எடுக்க வேண்டுமா’, ‘மாவை எடுக்கும் முன் குழவியை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டுமா, பின்னால் எடுத்தால் ஆகாதா’ என்ற இரண்டு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். வேலை தடைப்படும் நாட்களில் பழையபடி ‘எனக்கு ஏன் முடியவில்லை’ என்ற கேள்வி எழுவதை எப்படிக் கையாள்வது?

உளவியல் ஆலோசகர் எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன். தன்னைப் பற்றிப் பொதுவாக ‘ஏன்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வதை உளவியலில் அசைபோடும் சிந்தனை என்போம். உளவியலாளர் எட்வர்ட் வாட்கின்ஸ் முதலியோரின் ஆய்வுகள் இதைக் கவனமாகப் பிரித்துப் பார்த்திருக்கின்றன. ‘எனக்கு ஏன் இப்படி ஆகிறது’ என்ற பொதுவான சிந்தனை மனச்சோர்வுள்ளவர்களின் சிக்கல் தீர்க்கும் திறனைத் தாழ்த்துகிறது. ‘இது எப்படி நடந்தது, அடுத்து எந்தப் படியை எப்படி எடுப்பது’ என்று குறிப்பாக எண்ணச் செய்யும்போது அத்திறன் மேம்படுகிறது. ஆகவே அந்தக் கேள்வி எழும்போது அதை அடக்க முயலாதீர்கள். அடக்கினால் அது இன்னும் வலுத்து வரும். எழுந்ததை அப்படியே நோட்டில் எழுதி, அதன் கீழே அதே செய்தியை ‘எந்த இடத்தில் தடைப்பட்டது, அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தேன்’ என்று மாற்றி எழுதுங்கள். விடை பெரும்பாலும் ‘குழவித் தாங்கியை வரைந்துகொண்டிருந்தேன், அதன் இடைவெளி அளவு தெரியவில்லை’ என்பது போல மிகச் சாதாரணமாக இருக்கும். அளவு தெரியாததைப் போய் அளந்துவிட முடியும்.

பல நாட்கள் தொடர்ந்து உறக்கமும் பசியும் குறைந்து, எந்த வேலையிலும் மனம் செல்லாமல் இருந்தால், அது வடிவமைப்புச் சிக்கலைத் தாண்டியது. தயங்காமல் மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

தம்பி, குழவியை இழுப்பதுதான் கடினம் என்று நீங்கள் கண்டுபிடித்தது எங்கள் யாருக்கும் இங்கே உட்கார்ந்து தோன்றியிருக்காது. உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. குழவி உள்ளே இருக்கும்போதே மாவு வெளியேற வேண்டுமானால், டிரம் எவ்வளவு சாய வேண்டும், அந்தச் சாய்வில் குழவி தானாக விழாமல் எது அதைப் பிடித்திருக்கும், உளுந்து மாவு அந்தக் கோணத்தில் தானாக வழியுமா அல்லது தள்ளிவிட வேண்டுமா என்ற மூன்றையும் இப்போது பட்டறையில் இருக்கும் பழைய மாடலைக் கொண்டே சோதித்துவிடலாம். அடியில் துளையிட்டு மாவை இறக்கலாம் என்று யாரேனும் சொன்னால், நடுவில் தண்டு போகிறது, சுழலும் டிரம்மின் அடியில் அடைப்பான் வைத்தால் அதன் இடுக்கில் மாவு தங்கிப் புளிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிக் கழுவுவது யார் என்ற கேள்வி அங்கே எழும். முதலில் ஒரு சுருள் தராசைக் கொக்கியில் மாட்டி, குழவியை இழுக்க எத்தனை கிலோ விசை தேவைப்படுகிறது என்று அளந்து எழுதுங்கள். அரிசி மாவில் ஒரு முறையும் உளுந்து மாவில் ஒரு முறையும் தனித்தனியாக அளந்தால் நல்லது, இரண்டும் ஒரே அளவில் பிடிக்காது.